தயவுசெய்து தொடாதீர்கள்

சாயங்கால நேரம். புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, வீராம்பட்டினம் கடற்கரை. ஒலிபெருக்கி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிறது. திருவிழா அறிவிப்பு இல்லை. கட்சிக் கூட்டமும் இல்லை. நாளைக்குக் கடலில் அலை எத்தனை உயரம் எழும்பும் என்று ஒரு குரல் நிதானமாகத் தமிழில் சொல்கிறது. வலையைச் சரிசெய்துகொண்டே கேட்கிறார்கள். விடிந்தால் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

1990-களின் கடைசியில் நடந்த சங்கதி இது. அந்தச் செய்தியின் பிறந்த வீடு எது தெரியுமா? அமெரிக்கக் கடற்படை!

தன் கப்பல்களுக்காக உலகத்துக் கடல்களையெல்லாம் கணித்து, அலை உயர வரைபடங்களை அவர்கள் இன்டர்நெட்டில் போட்டு வைத்திருந்தார்கள். வங்காள விரிகுடாவும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் வீராம்பட்டினத்து மீனவருக்கு அந்த வரைபடத்தால் என்ன பிரயோஜனம்? நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உட்கார்ந்திருந்த இடம், வில்லியனூர்.

வில்லியனூர் என்றால் சிலருக்குத் திருக்காமீசுவரர் கோயில் தேர் ஞாபகம் வரும். பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்த தேர். சிலருக்கு லூர்து மாதா கோயில். 1998-ல் இன்னொரு விசேஷமும் சேர்ந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோடு ‘தகவல் கிராமம்’ திட்டத்தை அங்கே ஆரம்பித்தது. வில்லியனூர்தான் தலைமையிடம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கிளை மையங்கள். டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட் வில்லியனூர் வரைக்கும் வரும். அங்கிருந்து கிராமங்களுக்கு, போலீஸ்காரர்கள் கையில் வைத்திருப்பார்களே, அந்த ரகத்து வி.எச்.எஃப். ரேடியோ. கரன்ட் போனால் கைகொடுக்கச் சூரிய சக்தி. நெல் ரகம், பஸ் நேரம், ஆஸ்பத்திரி விவரம், அரசாங்க உதவித் திட்டங்கள் என்று எல்லாவற்றையும் தமிழில் தொகுத்து வைத்திருந்தார்கள். 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது இந்தத் திட்டத்தைத் தேடி வந்தது.

வில்லியனூர் ஆள் செய்த வேலையைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம். போன் லைனில் இன்டர்நெட்டைப் பிடிக்க வேண்டும். வரைபடத்தை இறக்க வேண்டும். அத்தனை பெரிய விரிகுடாவில் நம் கரை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கடற்படைக்காரர்கள் கிரீன்விச் நேரத்தில் பேசுகிறவர்கள். அதை நம் நேரத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு மீனவருக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். ஒரு படி தவறினாலும் விஷயம் விபரீதம். நாளைக்கு எழும்பப் போகிற அலையை நேற்றைய அலை என்று சொல்லிவிட்டால், திரும்பி வராத படகுக்கு யார் பதில் சொல்வது?

கம்ப்யூட்டர் பாஷையில் அமெரிக்கக் கடற்படை ‘சர்வர்’. வில்லியனூர் ஆள் ‘கிளையன்ட்’. கொடுப்பவர் ஒருவர், கேட்டு வாங்குபவர் ஒருவர். வேடிக்கை என்னவென்றால், வீராம்பட்டினம் என்று ஓர் ஊர் இருப்பதே கொடுப்பவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த வில்லியனூர் ஆளின் வேலையை ஒரு புரோகிராம் செய்யுமா? செய்யும். அந்தப் புரோகிராமை மனிதன் எழுதாமல் இன்னொரு புரோகிராமே எழுதித் தருமா? அதுவும் நடந்தது. சரி, அப்படி மெஷின் எழுதித் தந்ததை நம் ஊருக்குத் தகுந்தபடி எப்படித் திருத்துவது? இந்த மூன்றாவது கேள்விதான் முப்பது நாற்பது வருடங்களாகப் பல பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. நம் கதை அதுதான்.

*

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மரத்தடி, ஒரு ஸ்டூல், மடியில் ஓர் அட்டை. உங்கள் குறையை உங்கள் பேச்சிலேயே சொன்னால் போதும். எங்கே ‘அனுப்புநர்’, எங்கே ‘பெறுநர்’, எங்கே ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பாடு. பதில் வந்தால் படித்தும் சொல்வார். உள்ளே இருக்கிற அதிகாரியோடு நீங்களே நேரில் பேசிவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் ஆண்ட்ரூ பிர்ரெல், புரூஸ் நெல்சன் என்று இரண்டு பேர். 1980-களின் தொடக்கத்தில் இவர்கள் கம்ப்யூட்டருக்கு இப்படி ஒரு மனு எழுதுகிறவரை உருவாக்கினார்கள். ‘ஸ்டப்’ என்று பெயர். உங்கள் புரோகிராம் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல சாதாரணமாகக் கூப்பிடும். ஸ்டப் அதை வாங்கி, மூட்டை கட்டி, தூரத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, பதிலைப் பிரித்துக் கையில் கொடுக்கும். அவர்களுடைய கட்டுரை 1984-ல் வெளியானது.

இதில் அழகான விஷயம், ஸ்டப்பை அவர்கள் கையால் எழுதவில்லை. ‘லூப்பைன்’ என்று ஒரு கருவி செய்தார்கள். எந்தெந்தக் கேள்வி கேட்கலாம், என்ன பதில் வரும் என்ற பட்டியலைக் கொடுத்தால், லூப்பைன் ஸ்டப்பை எழுதித் தள்ளிவிடும். மனு எழுதுகிறவரையே அச்சு வார்க்கிற மெஷின்! 1994-ல் அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கம் இருவருக்கும் விருது கொடுத்தது. கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

அப்புறம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி ‘ஆர்பிசிஜென்’ என்று இதே போல ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அது எழுதித் தரும் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ஒரு சின்ன வாசகம் இருக்கும். தயவுசெய்து இந்த ஃபைலைத் திருத்தாதீர்கள், இது கருவி உண்டாக்கியது என்று. அந்தத் ‘தயவுசெய்து’வைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வேண்டுகோள்? நாளைக்குப் பட்டியல் மாறினால் கருவியை மறுபடி ஓட்டுவீர்கள். கருவி பழைய ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். அதற்குள் நீங்கள் கைப்பட ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும். கருவிக்கு உங்கள் கையெழுத்தும் ஒன்றுதான், தன் கையெழுத்தும் ஒன்றுதான். சுண்ணாம்பு அடிக்கிறவன் சுவரில் இருக்கிற குழந்தையின் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டா அடிப்பான்?

*

1996-ல் ஜாவா வந்தது. அதுவும் சன் கம்பெனியின் குழந்தைதான். இடையில் வந்துபோன கோர்பா போன்றவற்றை இங்கே விவரித்தால் கொட்டாவி விடுவீர்கள், விட்டுவிடலாம்.

முக்கியமான திருப்பம் 2000-க்குப் பக்கத்தில் நடந்தது. அதுவரை இன்டர்நெட் பக்கங்கள் மனிதக் கண்ணுக்காக இருந்தன. வில்லியனூரில் ஒருவர் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டியிருந்ததே அதனால்தான். இனிமேல் மெஷின் மெஷினோடு பேசுவதற்கென்றே தனி வாசல் வைத்தால் என்ன என்று நினைத்தார்கள். அந்த வாசலுக்குப் பெயர் ‘வெப் சர்வீஸ்’. பேச வேண்டிய முறைக்கு ‘சோப்’ என்று பெயர். குளிக்கிற சோப் அல்ல. எக்ஸ்எம்எல் என்ற எழுத்து முறையில் கடிதம் எழுதி உறைக்குள் போட்டு அனுப்புகிற ஒழுங்கு. 2001 மார்ச்சில் டபிள்யூஎஸ்டிஎல் என்று இன்னொன்று வெளியானது. ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்று கம்பெனிகளும் சேர்ந்து எழுதியது. எங்கள் வாசலில் இன்னின்ன கேட்கலாம், இந்த வடிவத்தில் கேட்கலாம், இப்படிப் பதில் வரும் என்கிற மெனு கார்டு. மனிதன் படித்தால் தலை சுற்றும். மெஷின் படித்தால் சந்தோஷப்படும்.

மெனு கார்டு இருந்தால் போதுமே, லூப்பைன் செய்த வேலையை யாரும் செய்யலாம். அப்பாச்சி குழுவின் ஆக்ஸிஸ் வந்தது. 2006 டிசம்பரில் வெளியான ஜாவா 6-லேயே ‘டபிள்யூஎஸ்-இம்போர்ட்’ என்ற கருவி கூடவே வந்தது. தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கோ நியூயார்க்கில் இருக்கிற ஒரு பாங்கின் மெனு கார்டு விலாசத்தைக் கொடுத்து ஒரு வரி அடித்தால், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் நூறு ஜாவா ஃபைல்கள் வரிசையாக வந்து நிற்கும். தரமணி டைடல் பார்க்கிலும், பெங்களூரிலும் நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் இந்த ஒரு வரியை அடித்திருப்பார்கள்! ‘வேலை முடிஞ்சுது சார்’ என்று சொல்லத் தோன்றும்.

முடியாது. ஆரம்பமே அங்கேதான்.

முதலில் விலாசம். கருவியிடம் மெனு கார்டை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தீர்களோ, அந்த இடத்தை அப்படியே கோடுக்குள் எழுதி வைத்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரின் சி டிரைவிலிருந்து கொடுத்திருந்தால் சி டிரைவ். புரோகிராம் உங்கள் மேஜையில் ஜோராக ஓடும். வாடிக்கையாளர் ஊருக்குப் போனதும், உங்கள் சி டிரைவைத் தேடி அங்கே அலைந்துவிட்டு மயங்கி விழும். மருதாணி வைத்த கையோடு புகுந்த வீட்டுக்குப் போன பெண் அம்மா வீட்டு அடுப்பைத் தேடுகிற மாதிரி.

அடுத்தது பொறுமை. பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? ஜாவாவோடு வந்த கருவி எழுதிய கோட், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் காலவரையறையே இல்லாமல் காத்திருக்கும். கோபமே படாது. எதிர்முனை செத்துப்போயிருந்தாலும் வாசலில் நின்றுகொண்டே இருக்கும். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது, தேதி. இதில் நம் நாட்டுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. கிரீன்விச்சுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். புதுச்சேரியில் ஆகஸ்ட் 16 என்பது பிரெஞ்சிந்தியப் பகுதிகள் 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுவார்கள். அன்றைக்குப் பிறந்த ஒரு குழந்தையின் பிறந்த தேதியை புரோகிராம் ‘ஆகஸ்ட் 16, நள்ளிரவு 12 மணி’ என்று எடுத்துக்கொள்கிறது. அதை கிரீன்விச் நேரத்துக்கு மாற்றினால்? ஆகஸ்ட் 15, மாலை 6.30! குழந்தை ஒரு நாள் முன்னதாகப் பிறந்து சுதந்திர தினக் குழந்தையாகிவிடும். இரண்டுமே லீவு நாள் என்பதால் அம்மாவுக்குக் கவலை இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கவலை உண்டு. தேதி பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். ஜாவாவில் தேதியைச் சுமந்து வருவதற்குக் கருவி கொடுக்கும் வகையின் பெயர் ‘எக்ஸ்எம்எல் கிரிகோரியன் காலண்டர்’. பெயரைப் போலவே ஆளும் முரடு. இதைக் கையாளும்போது திட்டாத ஜாவாக்காரர் இருந்தால் அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிடலாம்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. பெயர்.

வெளிநாட்டுக்காரர் எழுதிய மெனு கார்டில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு இருக்கும். இரண்டும் கட்டாயம். கருவியும் பயபக்தியோடு அந்த இரண்டையும் எழுதித் தந்துவிடும். நம்மிடம் இருப்பது ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல். இனிஷியல் கடைசிப் பெயரா? அப்பா பெயரா? ‘கே’ என்று ஒரே எழுத்தைக் கொடுத்தால் ஏற்காது. இதை நீங்களே ஏதாவது ஒரு விண்ணப்பத்தில் அனுபவித்திருப்பீர்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது 19-ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1880-ல் தங்கள் ஊர் முறைப்படி இங்கே கொம்யூன்களை அமைத்தார்கள். வில்லியனூர், பாகூர் எல்லாம் அப்படி வந்த கொம்யூன்கள்தான். இன்றைக்கும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றுதான் சொல்கிறோம். அடுத்த வருடம், 1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை. இந்துச் சட்டம், வழக்கம் எல்லாவற்றையும் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் வரலாம். ஆனால் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பிரெஞ்சுப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதே! ஐரோப்பியப் பாணி செருப்புப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனதற்காக 1873-ல் அபராதம் விதிக்கப்பட்டு, பாரீஸ் வரை போய் ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை அப்போது ‘லா போர்த்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். வாசற்கதவு என்று அர்த்தம். சாதி அடையாளத்திலிருந்து தப்பிக்க இது நல்ல கதவுதான் என்று பலர் அதற்குள் நுழைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நடந்தது என்ன? படிவத்தை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றவில்லை. ஆளைப் படிவத்துக்குத் தகுந்தபடி மாற்றினார்கள்.

புரோகிராமரும் ஒன்றைத்தான் மாற்ற முடியும். ஊர் ஜனங்கள் பெயரை மாற்ற முடியாது. நியூயார்க் மெனு கார்டை மாற்றவும் அவருக்கு அதிகாரம் இல்லை. மிச்சம் இருப்பது நடுவில் கிடக்கிற, கருவி எழுதித் தந்த அந்த நூறு ஃபைல்கள். என்ன செய்வார்? ஒரு ஃபைலைத் திறந்து நாலு வரி சேர்ப்பார். இன்னொன்றில் தேதியைச் சரிசெய்வார். பட்டியல்களுக்கு ‘எடு’ என்ற கட்டளையை மட்டும் எழுதி, ‘வை’ என்பதைக் கருவி எழுதாமல் விட்டிருக்கும். பையை மாற்ற முடியாது, வேண்டுமானால் அதே பைக்குள் சாமானைப் போட்டுக்கொள் என்பது கருவியின் கொள்கை. இது தெரியாமல், ‘அடடா, மறந்துட்டான் போலிருக்கு’ என்று அதையும் கைப்பட எழுதிச் சேர்ப்பார். எல்லாம் அருமையாக ஓடும்.

ஆறு மாதம் கழித்து நியூயார்க்கில் மெனு கார்டில் ஒரு வரி கூடும். இங்கே வேறு யாரோ, நம்மவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருப்பார், அந்த ஒரு வரிக் கட்டளையை மறுபடி அடிப்பார். நாலு வரி, தேதித் திருத்தம், ‘வை’ எல்லாம் ஒரே நொடியில் மாயம். எங்கே போயிற்று என்று கேட்டால் ஃபைலின் தலையைக் காட்டுவார்கள். ஜாவாவின் ‘ஜாக்ஸ்-பி’ எழுதும் ஃபைல்களில் அந்த வாசகம், நீ செய்த மாற்றங்கள் மறுபடி உண்டாக்கும்போது தொலைந்து போகும் என்று நேரடியாகவே எச்சரிக்கும். மைக்ரோசாஃப்ட் கருவியும் ஏறக்குறைய அதையேதான் சொல்லும். பழைய சன் கம்பெனியின் ‘தயவுசெய்து’ எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது!

*

இதற்கு வைத்தியம் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜான் விலிசைட்ஸ். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். புரோகிராமர்கள் வேதம் மாதிரி வைத்துக் கொண்டாடும் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தை எழுதிய நால்வரில் ஒருவர். 2005-ல் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். 1996-ல் அவர் எழுதிய யோசனை இது: மெஷின் எழுதியது ஒரு ஃபைலில் இருக்கட்டும், மனிதன் எழுதியது இன்னொரு ஃபைலில் இருக்கட்டும். மெஷினுடையது அப்பா, உன்னுடையது பிள்ளை. அப்பாவின் சொத்தெல்லாம் பிள்ளைக்கு வரும். பிள்ளை வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். அப்பாவை நூறு தடவை புதிதாக எழுதினாலும் பிள்ளையின் ஃபைலை யாரும் தொடப் போவதில்லை.

கேட்க ரொம்பப் புதுசாக இருக்கிறதா? பாகூருக்கு ஒரு நடை போய் வரலாம்.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டு. பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டு. அன்றைக்கு ‘வாகூர்’ என்று பெயர். அங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்து செப்பேடு வெட்டினார்கள். அதில் இரண்டு பகுதிகள். சமஸ்கிருதப் பகுதியில் விஷ்ணுவிலிருந்து தொடங்கி வம்சப் பெருமை வரிசையாக இறங்கி வரும். வேறு பல பல்லவச் செப்பேடுகளிலும் இந்த வரிசை ஏறக்குறைய இப்படித்தான். கவிஞர் மாறுவார், சட்டம் மாறாது. தமிழ்ப் பகுதியில்தான் விஷயம் இருக்கிறது. எந்த ஊர், எல்லை எது, யாருக்கு என்ன உரிமை. பாகூர் விவசாயிக்கு வேண்டியது அது. நம் ஊர் எல்லையைக் கொண்டுபோய் விஷ்ணு, பிரம்மா வரிசைக்கு நடுவே யாரும் செருகவில்லை. தனியாக, கீழே, தமிழில் எழுதினார்கள். பொது வாசகத்துக்கு ஓர் இடம், ஊர் வாசகத்துக்கு ஓர் இடம். விலிசைட்ஸ் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஜாவாக்காரர்கள் கண்டுபிடித்த வழிகள் இன்னும் இருக்கின்றன. கருவியை ஓட்டுவதற்கு முன்பே அதன் காதில் ஓதிவிடலாம். ‘பைண்டிங் ஃபைல்’ என்று ஒரு சின்ன ஃபைல். தேதி வந்தால் உன் முரட்டு காலண்டர் வேண்டாம், நான் எழுதிய அடாப்டரைக் கூப்பிடு. இந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, இப்படி மாற்றி எழுது. இந்த ஃபைல் வெளியே பத்திரமாக இருக்கும். எத்தனை முறை ஓட்டினாலும் கருவி அதைப் படித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கும். விலாசத்தையும் பொறுமையின் எல்லையையும் ஓடும் நேரத்தில் வெளியிலிருந்தே சொல்ல முடியும். அதற்காக ஃபைலைக் கிழிக்க வேண்டியதில்லை. கடிதம் உறைக்குள் போவதற்கு முன்னால் ரகசியச் சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால் ‘ஹேண்ட்லர்’ என்று ஒருவரை வாசலில் நிறுத்தலாம். மனுவைப் பெட்டியில் போடுவதற்கு முன் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுகிற ஆள்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. நம் புரோகிராமின் மற்ற பகுதிகள் கருவி எழுதியதை நேரடியாகப் பார்க்கவே கூடாது. நடுவில் நாமே ஒரு சின்ன ஆளை வைக்க வேண்டும். அவர் ஒரு பக்கம் நியூயார்க் பாஷை பேசுவார். இந்தப் பக்கம் நம் பாஷை. இனிஷியலை எப்படிக் கொடுப்பது, ஐந்தரை மணி நேரத்தை எங்கே கூட்டுவது என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். மெனு கார்டு மாறினால் அவர் மட்டும் மாறுவார். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ‘ரெண்டு ஃபீல்டுக்காக ஒரு கிளாஸா?’ என்று இளம் புரோகிராமர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

ஸ்டப்பால் மறைக்கவே முடியாத ஒரு விஷயமும் உண்டு. தூரம். 1994-ல் ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை இதைப் போட்டு உடைத்தது. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதும் பல்லாயிரம் மைல் தள்ளி இருப்பவரைக் கூப்பிடுவதும் ஒன்றுதான் என்று பாவனை செய்யாதீர்கள். தாமதமாகும், பாதியில் அறுந்துபோகும், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாமல் போகும் என்று எச்சரித்தார்கள். வேடிக்கை பாருங்கள், நால்வரும் இருந்தது சன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில்தான்!

வில்லியனூர் ஆளுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியிருக்கவில்லை. போன் லைன் அறுந்தால் அவருக்குத் தெரியும். வரைபடம் வராத நாளில், நேற்றைய படத்தை இன்றைக்கு என்று மனிதர் எவரும் வாசிக்க மாட்டார். மெஷின் எழுதிய கோடுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தச் சில வரிகளை எந்தக் கருவியும் எழுதித் தராது. மெனு கார்டில் அது இருக்காது.

*

மெனு கார்டில் இல்லாத இன்னொன்றும் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை.

நல்லவாடு, புதுச்சேரிக்குத் தெற்கே இன்னொரு மீனவக் கிராமம். அங்கேயும் சுவாமிநாதன் நிறுவனத்தின் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அலை உயரம் சொல்வதற்காக வைத்தது. அமெரிக்கக் கடற்படையின் அலைக் கணிப்பு காற்றால் எழும் அலைகளைப் பற்றியது. கடலுக்கடியில் பூமி குலுங்கி எழும் அலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர் பூகம்பச் செய்தியைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊரிலிருந்தவர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டார்கள். எல்லோரும் ஊரை விட்டு ஓடுங்கள்! வீடுகள் போயின, படகுகள் போயின. ஊரின் 3,600-க்கும் மேற்பட்ட ஜனங்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அந்த ஒலிபெருக்கியை யாரும் அமெரிக்கக் கடற்படையின் பக்கத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்திருக்கவில்லை. யார் கொடுத்த செய்தியானாலும், மைக்கின் முன் நிற்கும் ஆள் ஊர்த் தமிழில் சொன்னால் அது பேசும். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் காலுக்கும் அது பேசியது.

பிறகு ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் நிறுவனமே நம் கடலுக்குக் கணிப்பு சொல்ல ஆரம்பித்தது. சுவாமிநாதன் நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்ற செல்போன் ஆப் அதை மீனவரின் உள்ளங்கைக்கே கொண்டுவந்தது.

ஜாவா பக்கமும் நிறைய மாறிவிட்டது. 2018 செப்டம்பரில் வெளியான ஜாவா 11-லிருந்து டபிள்யூஎஸ்-இம்போர்ட்டைத் தூக்கிவிட்டார்கள். வேண்டுமென்றால் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். பழைய பாங்குகளோடும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடும் பேசுகிறவர்கள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் ‘ஓப்பன் ஏபிஐ’ என்ற வேறு மெனு கார்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கும் ஒரு கருவி உண்டு, அதுவும் நிமிஷத்தில் நூறு ஃபைல் எழுதும். ஆனால் அனுபவத்தில் ஒன்று கற்றிருக்கிறது. இந்த இந்த ஃபைல்களில் கை வைக்காதே என்று நாம் ஒரு பட்டியல் எழுதி வைத்தால் மதித்து விலகிப் போகும். அது எழுதும் ஃபைல்களின் தலையிலும் ஒரு வாசகம் இருக்கிறது. கையால் திருத்தாதே என்று. ‘தயவுசெய்து’ மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.